எலும்பு கேட்கும் அவகாசம்

2025-இல் இங்கிலாந்துப் பயணத்துக்கான இந்திய அணியை அறிவித்த அன்றே தேர்வுக்குழுத் தலைவர் அஜித் அகர்கர் ஒன்றைச் சொல்லிவிட்டார்: ஐந்து டெஸ்ட்களிலும் வேகப்பந்து வீச்சாளர் ஜஸ்பிரித் பும்ரா ஆட வாய்ப்பில்லை. அப்படியே நடந்தது. லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர் என மூன்று டெஸ்ட்களில் மட்டும் பந்து வீசினார். உடனே பழைய கேள்வி கிளம்பியது. காயத்துக்காக ஒரு டெஸ்டைக்கூடத் தவறவிடாத கபில்தேவ் இதே நாட்டில் பிறந்தவர்தானே, இன்றைய பையன்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஓய்வு?

கேட்பவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. கபில் 131 டெஸ்ட் ஆடினார் என்பது உண்மை. ஆனால் உடையாமல் தப்பிய ஒருவரை வைத்து, உடைந்துபோன நூறு பேரின் எலும்பை எடைபோட முடியாது. அந்த நூறு பேரின் பெயர் நமக்குத் தெரியாது. பத்தொன்பது இருபது வயதிலேயே அவர்கள் ஆட்டத்தை விட்டு ஒதுங்கியிருப்பார்கள். பும்ராவுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அகர்கர் சொன்னதன் காரணம் விளங்கும். 2019 செப்டம்பரில் அவருடைய கீழ்முதுகில் அழுத்த முறிவு இருப்பதாக கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. 2022-இல் அதே கீழ்முதுகு மறுபடி படுத்தியதால் டி20 உலகக் கோப்பைக்குப் போக முடியவில்லை. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் ஐந்து டெஸ்ட்களில் 908 பந்துகள் வீசி 32 விக்கெட் எடுத்தார். கடைசி டெஸ்டில், சிட்னியில், முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். சாம்பியன்ஸ் கோப்பையும் கைநழுவியது.

யாரும் அடிக்கவில்லை, அவரும் கீழே விழவில்லை. பிறகு எலும்பு எப்படி உடைகிறது?

வேகப்பந்து வீச்சாளர் ஓடிவந்து முன்காலைத் தரையில் ஊன்றும் அந்தக் கணத்தில், தரை அவர் உடலைத் திருப்பித் தாக்கும் விசை உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் போகும். சிலரிடம் எட்டு, ஒன்பது மடங்கைத் தொடும். அதே கணத்தில்தான் இடுப்புக்கு மேலே உடல் பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்து இறங்கும் இடம், கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு மெல்லிய எலும்புப் பாலம். வலது கையால் வீசுபவருக்கு இடது பக்கப் பாலமும், இடது கை வீச்சாளருக்கு வலது பக்கப் பாலமும்தான் பெரும்பாலும் விரிசல் விடும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுக்கக் கவனித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 11 சதவீதம் பேருக்கு முள்ளெலும்பில் இந்த முறிவு வந்திருந்தது. ஒரே பருவத்தில் ஒன்பது பேரில் ஒருவர் என்றால், விளையாட்டில் இதெல்லாம் சகஜம் என்று தள்ளிவிடக்கூடிய கணக்கா அது?

இந்த முறிவோடு போராடி மீண்டவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி. 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் அவருடைய முதுகு உடைந்தது. வாரக்கணக்கில் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் அறிஞர் ஃபிராங்க் பைக் வகுத்துத் தந்த பயிற்சித் திட்டத்தை நாள் தவறாமல் செய்து, 1974-75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்தார். அதே லில்லிதான் 1987-இல் சென்னைக்கு வந்து எம்.ஆர்.எஃப் வேகப்பந்துப் பயிற்சி மையத்தின் தலைமைப் பயிற்சியாளராகி, கால் நூற்றாண்டுக் காலம் இந்தியப் பையன்களின் ஓட்டத்தையும் தோள் திருப்பத்தையும் செதுக்கினார்.

ஆனால் இந்த வகை அழுத்த முறிவை முதலில் எழுதிவைத்தவர் விளையாட்டு மருத்துவர் அல்ல. 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூர அணிநடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். உள்ளே எலும்பு உடைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். இரண்டே ஆண்டுகளில், 1897-இல், அந்த வீங்கிய பாதங்களைப் படமெடுத்துப் பார்த்தபோதுதான் பாத எலும்புகளில் விரிசல் தெரிந்தது. பிரைட்ஹாப்ட் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பிரஷ்யாவில், சில ஆண்டுகள் கழித்து ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் வேறொரு முறிவை ஆராயத் தொடங்கினார். ரயில் பெட்டிகளின் அச்சுகள், தாங்கக்கூடிய பாரத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தாலும், ஒருநாள் திடீரென்று உடைந்தன. ஒரே ஒரு தடவை பாரம் ஏற்றினால் உடையாத உலோகம், அதே பாரத்தை லட்சக்கணக்கான தடவை மாறி மாறிச் சுமந்தால் நுண்விரிசல் விட்டு முறியும் என்று அவர் சோதனைகளால் நிறுவினார். சிப்பாயின் பாதத்துக்கும் ரயிலின் அச்சுக்கும் நேர்ந்தது அடிப்படையில் ஒன்றே.

ஒரு வித்தியாசம் உண்டு, எல்லாம் அதில்தான் இருக்கிறது. அச்சு தன்னைச் சரிசெய்துகொள்ளாது. எலும்பு சரிசெய்துகொள்ளும்.

எலும்பு என்றால் செத்துக் கெட்டியான சுண்ணாம்பு என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. ஒரு மனிதரின் எலும்புக்கூட்டுக்குள் ஏறக்குறைய 4,200 கோடி உயிரணுக்கள் புதைந்து வாழ்கின்றன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மயிரினும் மெல்லிய கிளைகளை நீட்டி அக்கம்பக்கத்து அணுக்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவில் உள்ளே இருக்கும் திரவம் நகர்வதை இந்த அணுக்கள் உணர்கின்றன. எங்கே பாரம் கூடுகிறதோ அங்கே எலும்பு தடிக்க இவைதான் செய்தி அனுப்புகின்றன. தொழில்முறை டென்னிஸ் வீரர்களைப் படமெடுத்தபோது, மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையைவிட மூன்றில் ஒரு பங்கு தடித்திருந்தது. எதிர்த் திசையில், பாரமே இல்லாத விண்வெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் அல்லது அதற்கும் மேல் கரைகிறது.

அளவுக்கு மீறிய உழைப்பில் எலும்பில் நுண்விரிசல் விழும்போது, அது சில அணுக்களின் கிளைகளை அறுத்துவிடுகிறது. அந்த அணுக்கள் சாகின்றன. அவற்றின் சாவே பழுதுபார்ப்புக்கான அழைப்பு. முதலில் வருவன எலும்பைக் கரைக்கும் அணுக்கள். விரிசல் விட்ட பகுதியை அவை மொத்தமாகக் குடைந்து எடுக்கின்றன. பிறகுதான் கட்டும் அணுக்கள் வந்து புது எலும்பை அடுக்கடுக்காக நிரப்புகின்றன. வெடித்த சுவரைப் பூசுவதற்கு முன் பழைய காரையைக் கொத்தியெடுக்கும் கொத்தனாரின் வேலைதான் இது. சிக்கல் கால அளவில் இருக்கிறது. குடைவது இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நிரப்புவதற்கு மூன்று மாதமாவது ஆகும். நிரப்பிய எலும்பு முழுக் கெட்டித்தன்மை அடைய இன்னும் பல மாதங்கள் வேண்டும்.

அதாவது உழைப்பைத் திடீரென்று கூட்டினால், வலுப்பெறுவதற்கு முன் எலும்பு வலுவிழக்கிறது. மூன்றாவது, நான்காவது வாரத்தில் அந்த இடம் துளைகள் நிறைந்து கிடக்கும். வெளியே ஓடுபவருக்கோ அந்த வாரங்களில்தான் உடம்பு ஒத்துழைக்கத் தொடங்கியிருக்கும். தசைக்கும் இதயத்துக்கும் சில வாரங்களில் பயிற்சி ஏறிவிடும். மூச்சு வாங்குவது குறையும். இன்னும் இரண்டு சுற்று ஓடலாம் என்று தோன்றும். ஓடுகிறார். துளை விழுந்த எலும்பின் மேல் புதுப் பாரம் ஏறுகிறது, குடைய வருகிற அணுக்கள் பெருகுகின்றன, கட்டும் வேலை பின்தங்கிப் போகிறது. நுண்விரிசல்கள் கைகோத்து ஒரு கோடாகின்றன. அதுதான் முறிவு.

ஆஸ்திரேலிய விளையாட்டு மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டும் உடனிருந்தவர்களும் வேகப்பந்து வீச்சாளர்களின் ஓவர் கணக்கையும் காயக் கணக்கையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்ட முடிவு இதனோடு பொருந்துகிறது. ஒரே போட்டியில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு கூடியிருந்தது; ஆனால் அந்தப் போட்டியில் அல்ல, அடுத்த மூன்று நான்கு வாரங்களில். வீரர் லேசான ஆட்டமொன்றில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது நாம் அந்த ஆட்டத்தைக் குறை சொல்கிறோம். காரணம் போன மாதமே நடந்து முடிந்திருக்கும்.

நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஷேன் பாண்ட் இதைத் தன் முதுகில் அனுபவித்து அறிந்தவர். கீழ்முதுகு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு பந்துவீசத் திரும்பியவர். பும்ராவைப் பற்றி 2025-இல் கேட்டபோது, இரண்டு டெஸ்ட்களுக்கு மேல் அவரை அடுத்தடுத்து ஆடவைக்கக் கூடாது என்றும், டி20-யிலிருந்து டெஸ்டுக்கு மாறும் காலம்தான் ஆபத்தானது என்றும் சொன்னார். ஐ.பி.எல்-இல் ஒரு ஆட்டத்துக்கு நான்கு ஓவர். டெஸ்டில் ஒரே நாளில் இருபது ஓவர்கூட வீச நேரலாம். எலும்புக்குத் தெரிந்ததெல்லாம் இந்தத் தாவல்தான். இங்கிலாந்தில் பும்ரா ஆடியவை முதல், மூன்றாவது, நான்காவது டெஸ்ட்கள்; இரண்டுக்கு மேல் தொடர்ச்சியாக இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

பாரம் எவ்வளவு தடவை விழுகிறது என்பதைவிட எவ்வளவு கனமாக விழுகிறது என்பது இன்னும் முக்கியம். எலும்புத் துண்டுகளைச் சோதனைக்கூடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்ததில் தெரிந்தது: அழுத்தத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலே, உடையாமல் தாங்கும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவதும், கெட்டித் தரைக்கு மாறுவதும் இதனால்தான் பெரிய வித்தியாசம் ஆகின்றன. களைப்பும் அப்படித்தான். தரையின் அதிர்வில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. தசை ஓய்ந்த பிறகு வீசும் கடைசி ஓவர்களில் அந்த அதிர்வை எலும்பு நேரடியாக வாங்குகிறது.

இந்த முறிவை மிக நீண்ட காலம் ஆராய்ந்தவர்களில் இஸ்ரேலிய ராணுவ மருத்துவர்களைச் சொல்லவேண்டும். புதிதாகச் சேர்ந்த 295 பேரை அடிப்படைப் பயிற்சியில் பின்தொடர்ந்து சார்ல்ஸ் மில்கிராம் குழுவினர் 1985-இல் வெளியிட்ட எண்ணிக்கை அதிர வைத்தது: 31 சதவீதம் பேருக்கு அழுத்த முறிவு. அதற்குப் பிறகு காலணியை மாற்றிப் பார்த்தார்கள், உள்தகடு வைத்துப் பார்த்தார்கள், மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ராணுவத்துக்கு வருமுன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கூடைப்பந்து போன்ற ஆட்டங்களை ஒழுங்காக ஆடியவர்களுக்கு முறிவு குறைவு என்பது தெரிந்தது. எலும்பு ஏற்கெனவே பழகியிருந்தது. கால் நூற்றாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2008-இல் அவர்கள் எழுதிய முடிவு எளிமையானது. அணிநடையின் மொத்தத் தூரத்தைக் குறைத்து, இரவில் ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியபோது முறிவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. இரவு பன்னிரண்டு மணி வரை படித்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கு மைதானத்துக்கு வரும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் அந்த வரியைப் படித்தேன்.

ஓய்வு ஏன் வேலை செய்கிறது என்பதற்கும் விடை உண்டு. கிளிண்டன் ரூபினும் லான்ஸ் லேனியனும் 1984-இல் பறவையின் இறக்கை எலும்பில் செய்த சோதனையில், நாளுக்கு 36 தடவை பாரம் ஏற்றினாலே எலும்பு வளர்வதற்கான தூண்டுதல் முழுமையாகக் கிடைத்தது. அதற்கு மேல் எத்தனை நூறு தடவை ஏற்றினாலும் கூடுதல் பலன் இல்லை. உணரும் அணுக்கள் சீக்கிரமே மரத்துப்போகின்றன. மீண்டும் கூர்மை பெறச் சில மணி நேரம் வேண்டும். ஒரே மூச்சில் செய்யும் பயிற்சியைவிட, அதையே பிரித்து இடைவெளி விட்டுச் செய்தால் எலும்பு கூடுதலாக வலுப்பெறுகிறது என்று எலிகளில் நடந்த சோதனைகளும் காட்டின. மரத்துப்போன பிறகு ஓடும் ஒவ்வொரு சுற்றும் எலும்புக்குச் செலவு மட்டுமே.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மைதானங்களில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஓட்டத்துக்குத் தேவையான அளவு சாப்பிடாத உடல், செலவைக் குறைக்க முதலில் நிறுத்துவது மாதவிலக்கை. அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பைக் கரைக்கும் அணுக்களுக்குக் கடிவாளம் போய்விடும். அமெரிக்க ஓட்டக்காரர் மேரி கெய்ன், பதின்பருவத்தில் உலக அளவில் கொண்டாடப்பட்டவர், எடையைக் குறைக்கச் சொல்லி வற்புறுத்தப்பட்ட காலத்தில் மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு வரவில்லை என்றும் ஐந்து எலும்புகள் உடைந்தன என்றும் 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே இதை ஆண், பெண் இரு பாலரையும் தாக்கும் ஆற்றல் பற்றாக்குறை நோயாக வரையறுத்துவிட்டது. பயிற்சியில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போனால், நன்றாகப் பயிற்சி செய்கிறாள் என்று பொருள் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டும் என்று பொருள். கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுத்ததில், அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் அழுத்த முறிவு 20 சதவீதம் குறைந்ததாக 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. உணவு என்பது இங்கே மருந்துக்குச் சமம்.

இந்த முறிவின் வலி ஒரு வரிசையில் வரும். முதலில் ஓட்டத்தின் முடிவில் மட்டும். பிறகு பாதியிலேயே. பிறகு தொடங்கியவுடன். கடைசியில் படுத்திருக்கும்போதும். தசை வலி பரவலாக இருக்கும். எலும்பு வலியை ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடியும். முதுகென்றால், ஒற்றைக் காலில் நின்று பின்னோக்கி வளையும்போது ஒரு பக்கம் சுரீரென்று குத்தும். இந்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, முதல் இரண்டு மூன்று வாரம் கட்டாயம் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். ‘எக்ஸ்ரே சுத்தமா இருக்கு, ஓடலாம்’ என்று சொல்லி, வலி மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான அறிவுரை. மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை மூடாது. எம்.ஆர்.ஐ. படத்தில் கோடு விழுவதற்கு முன்பே எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது தெரியும். அந்த நிலையில் நிறுத்தினால் இழப்பு வாரக் கணக்கில் முடியும். ஆஸ்திரேலிய டெஸ்ட் கேப்டன் பாட் கம்மின்ஸுக்கு 2025 செப்டம்பரில் கண்டுபிடித்தது முறிவை அல்ல, முறிவுக்கு முந்தைய எலும்பு அழுத்தத்தை. ஆஷஸ் முதல் டெஸ்டிலிருந்து அவரை விலக்கி வைத்தார்கள். அவர் கதையை அறிந்தவர்களுக்கு அந்த முன்னெச்சரிக்கை புரியும். 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்டில் ஆட்ட நாயகன். இரண்டாவது டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளை அடுத்தடுத்த எலும்புக் காயங்கள் விழுங்கியிருந்தன.

பாதத்தின் நடு எலும்புகளில் விழுந்த விரிசல் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சேரும். கீழ்முதுகுக்கு நான்கு முதல் ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல். ஆனால் உடலில் சில இடங்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அல்லது எலும்பு இழுபடும் பக்கத்தில் விரிசல் விழுகிறது. தொடை எலும்பின் கழுத்து, கணைக்கால் எலும்பின் முன்பக்கம், பாதத்தின் வளைவில் இருக்கும் படகு வடிவச் சிற்றெலும்பு ஆகியவை அப்படிப்பட்டவை. ஏழரை அடி உயரக் கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு 2008-இல் உடைந்தது அந்தப் படகெலும்பு. 2009-10 பருவம் முழுக்கப் போயிற்று, 2010 கடைசியில் கணுக்காலில் இன்னொரு அழுத்த முறிவு, 2011 ஜூலையில் ஓய்வு அறிவிப்பு. அப்போது அவருக்கு வயது முப்பது.

இங்கே நம்மிடம் வேகப்பந்து வீச்சாளர்களைவிடப் பெரிய ஒரு கூட்டம் இருக்கிறது. காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள். எழுத்துத் தேர்வு முடிவு வரும் வரை உட்கார்ந்து படித்துவிட்டு, உடல்தகுதித் தேர்வுக்கு ஒன்றிரண்டு மாதமே இருக்கும்போது தார்ச்சாலையில் காலையும் மாலையும் ஓடத் தொடங்குகிறார்கள். எலும்பின் கால அட்டவணைப்படி, மிகவும் துளைபட்டிருக்கும் வாரங்களில் தேர்வு வந்து நிற்கும். படிக்கத் தொடங்கும் நாளிலேயே வாரம் மூன்று நாள் கொஞ்சம் ஓடுவதும் குதிப்பதும், மண் தரையில், இடையே ஒரு நாள் விட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைக் குறைத்து எலும்புக்கு இடம் விடுவதும் போதும். செலவில்லாத ஏற்பாடு.

கிரிக்கெட் பையன்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். கீழ்முதுகின் எலும்பு முழு வலுப்பெற இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும் என்பதால், இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வீச்சாளர்களுக்கு வயதுவாரியாக ஒரு தொடர்ச்சியில் எத்தனை ஓவர், ஒரு நாளில் எத்தனை ஓவர் என்று வரம்பு வைத்திருக்கிறது. இங்கே நன்றாக வீசும் பையனைப் பள்ளி, அகாடமி, கிளப், மாவட்ட அணி என நான்கு பேர் அழைக்கிறார்கள். நால்வரும் தம்முடைய ஓவரை மட்டும்தான் எண்ணுகிறார்கள். வலைப்பயிற்சியில் வீசும் பந்துகளை ஒருவருமே எண்ணுவதில்லை, எலும்புக்கோ வலையும் மைதானமும் ஒன்றுதான். அப்பாவோ அம்மாவோ நாள்தோறும் மொத்தப் பந்துகளைக் குறித்துவைத்து, இந்த வாரக் கணக்கு கடந்த நான்கு வாரச் சராசரியைவிட எகிறிவிட்டால் பயிற்சியாளரிடம் போய்ப் பேசலாம். பதினைந்து வயதுப் பையன் பந்து வீசும்போது கீழ்முதுகின் ஒரு பக்கம் வலிக்கிறது என்றால், அன்றைக்கே பந்தை வாங்கி வைத்துவிட்டு, அந்த வாரமே எம்.ஆர்.ஐ. எடுப்பது பற்றி எலும்பு மருத்துவரிடம் கேட்க வேண்டும்.